சூடு ஏறினா மட்டும் கிளட்ச் ஸ்லிப் ஆகுது – ஹயபுசா – பிளேட் மாத்தித்தான் ஆகணுமா?

தெம்பனிஸ்_புசா:

வணக்கம். வண்டி சுசுகி ஹயபுசா, 1340 சிசி, 2008ல வந்த ரெண்டாவது ஷேப். செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. முன்னாடி வச்சிருந்தவர் நல்லாத்தான் பார்த்திருக்கார். எக்ஸாஸ்ட் ஒரிஜினல், ஃபேரிங்ல கீறல் இல்ல. ஹேண்டில்ல மட்டும் மடங்குற கலர் லீவர், பார் எண்ட்னு கொஞ்சம் அலங்காரம் பண்ணி வச்சிருக்கார்.

காலையில சிங்கப்பூர் தெம்பனிஸ்ல கிளம்பி பிஐஇ விரைவுச்சாலை ஏறினா ஒரு குறையும் இல்ல. ஆறாவது கியர்ல முறுக்கினா வண்டி பாயுது. ஆனா மலேசிய எல்லையில இருக்குற உட்லண்ட்ஸ் கஸ்டம்ஸ் ஜாம்ல ஊர்ந்து ஊர்ந்து ஜேபி (ஜோகூர் பாரு) பக்கம் வெளிய வந்து ஹைவேல முறுக்கும்போது, ஆர்பிஎம் முள்ளு சட்டுனு ஏறுது, வேகம் அதே இடத்துல நிக்குது. அஞ்சாவது, ஆறாவது கியர்லதான் நல்லா தெரியுது. ஓரங்கட்டி ஒரு தே தாரிக் (பால் டீ) குடிச்சிட்டு வந்து எடுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.

ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். ஓட்டிக்கூட பார்க்கல. "பிளேட் போச்சு, முழு செட் மாத்தணும், ஸ்பிரிங்கையும் ஹெவி டியூட்டியா போட்டுடலாம்"னு சொல்லி ஒரு தொகையும் சொன்னாங்க. தலை சுத்திடுச்சு. அதான் கழட்டுறதுக்கு முன்னாடி இங்க கேக்குறேன்.

வண்டிய வித்துட்டு வேற எடுன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. 2022ல டி பிரிவு சிஓஇ (பைக் பதிவு பண்ண ஏலத்துல எடுக்குற உரிமச் சான்றிதழ்) 10,000 வெள்ளியத் தாண்டின பிறகு, அந்த விலைக்குத் தலையாட்டி வாங்கினது. சின்ன வண்டியிலிருந்து பெரிய வண்டி வரைக்கும் 2பி, 2ஏ, 2னு ஒவ்வொரு லைசென்ஸா ஏறி வந்து எடுத்த வண்டி.

ஆறாம்_கியர்:

ப்ரோ, இதுல யோசிக்க என்ன இருக்கு? டாப் கியர்ல முறுக்கினா ஆர்பிஎம் எகிறுது, வேகம் வரல. பாடப்புத்தகத்துல போட்ட மாதிரி கிளட்ச் ஸ்லிப் (பிளேட் வழுக்கி, இன்ஜின் சுத்துறது முழுசா சக்கரத்துக்குப் போகாதது). 155 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) தர்ற இன்ஜின், பழைய ஓனர் சிக்னலுக்கு சிக்னல் லான்ச் பண்ணி பிளேட்ட தின்னிருப்பார். ஒர்க்‌ஷாப் சொன்னது சரிதான். மாத்து, ஓட்டு. இங்க கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லிக் குழப்புவாங்க லா.

எண்ணெய்_பித்தன்:

குழப்ப வந்துவிட்டேன். என்ன இன்ஜின் ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள்? டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் ரேஸ் கார் படம் எனக்கு வேண்டாம்.

பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே எண்ணெயில்தான் நனைகின்றன. கார் எண்ணெயில் பெட்ரோல் மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். காருக்கு அது நல்லது. நம் கிளட்ச் பிழைப்பதே உராய்வில்தான். அதனால் 1998ல் ஜப்பானில் மோட்டார்சைக்கிளுக்கென்று ஜாசோ டி 903 என்ற தனித் தரத்தைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ என்றால் நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றால் உராய்வு குறைந்தது. கிளட்ச் எண்ணெயில் நனையாத ஸ்கூட்டருக்குப் போகும். 2006ல் எம்ஏ வகுப்பை எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாக்கினார்கள். பிடிமானம் கூடிய பாதி எம்ஏ2. சோதனையில் மூன்றை அளக்கிறார்கள்: வழுக்கும்போது இருக்கும் உராய்வு, பிடித்து நிற்கும்போது இருக்கும் உராய்வு, சுற்றுவது நிற்க எடுக்கும் நேரம்.

டப்பாவில் ஜாசோ முத்திரையே இல்லாமல், ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்டத்தின் கீழ்ப்பாதியில் ரிசோர்ஸ் கன்சர்விங் (எரிபொருள் சிக்கனம்) என்று போட்டிருந்தால் அதை உங்கள் புசாவில் ஊற்றாதீர்கள். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய கார் எண்ணெய்களில்தான் இந்த வாசகம் இருக்கும்.

இன்னொன்று. "ஃபுல் சிந்தெட்டிக் போட்டா கிளட்ச் வழுக்கும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிந்தெட்டிக்கா மினரலா என்பதற்கும் வழுக்குவதற்கும் தொடர்பில்லை. உள்ளே என்ன சேர்மானம் என்பதுதான் கேள்வி.

தெம்பனிஸ்_புசா:

10டபிள்யூ-40, ஜாசோ எம்ஏ2, முத்திரை நல்லா தெரியுது. வண்டி கைக்கு வந்ததும் நானே பக்கத்துல நின்னு மாத்த வச்சேன். அளவுக் கண்ணாடியில ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்குது. படம் போட்டிருக்கேன்.

எண்ணெய்_பித்தன்:

இது நல்ல எண்ணெய். இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும்: முன்னாடி இருந்தவர் ஏதாவது சேர்மானப் பாட்டில் ஊற்றியிருந்தால் அது பிளேட்டின் நாரில் (உராயும் மேற்பரப்பில்) ஊறிப்போயிருக்கலாம். ஆனால் அப்படியென்றால் காலையிலும் கொஞ்சமாவது வழுக்க வேண்டும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை.

பழைய_ஸ்பேனர்:

தம்பி, பிளேட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விஷயங்கள் சொல்லுங்கள். ஜாமில் ஊராமல், விடியற்காலையில் நேராக விரைவுச்சாலையில் அரை மணி நேரம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முறுக்கினால் ஸ்லிப் ஆகிறதா? ஜாமில் ஊரும்போது லீவரில் கிளட்ச் பிடிக்கும் இடம் நகர்கிறதா? நகர்ந்தால் கைப்பிடிப் பக்கமாகவா, வெளிப்பக்கமாகவா? லீவரை விட்ட நிலையில் அதன் நுனியை விரலால் தொட்டு ஆட்டினால் கொஞ்சமாவது சும்மா ஆடுகிறதா? இடது கைப்பக்கம் இருக்கும் திரவக் கப்பில் அளவு எங்கே நிற்கிறது, என்ன நிறம்?

இந்த வண்டிக்குக் கிளட்ச் கேபிள் கிடையாது. திரவத்தில் இயங்கும் கிளட்ச். மேலே பேசியவர்கள் யாரும் அதைக் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை.

பிளேட் தேய்ந்த வண்டியும் சூட்டில் கூடுதலாகத்தான் வழுக்கும். ஆனால் தேய்ந்த பிளேட் ஒரு தே தாரிக் குடிக்கும் நேரத்தில் பழையபடி புதிதாகிவிடாது. உங்கள் வண்டி முழுசாகத் தேறிவிடுகிறது என்கிறீர்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஆறாம்_கியர்:

ஸ்பேனர் அண்ணே, சும்மா பெரிசாக்காதீங்க. கேபிளோ திரவமோ, பிளேட்ட அமுக்குறது ஸ்பிரிங்தானே? லீவர் விட்டா ஸ்பிரிங் அமுக்கப் போகுது. லீவருக்கும் ஸ்லிப்புக்கும் என்ன சம்பந்தம்?

2பி_ராத்திரி:

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். என்னோடது யமஹா ஆர்15. ராத்திரி சாப்பாடு டெலிவரி. ஓவர்டேக் பண்ணும்போது எனக்கும் இதே மாதிரி ஆர்பிஎம் மட்டும் ஏறுது, ஆனா சூடு, குளிர்னு வித்தியாசம் இல்ல, எப்பவும்தான். எனக்கும் திரவமா?

பழைய_ஸ்பேனர்:

இல்லை. உங்களுடையது கேபிள். லீவர் நுனியில் விளையாட்டு (பிடிக்கும் முன் சும்மா ஆடும் தூரம்) எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலான கேபிள் வண்டிகளில் 10 முதல் 15 மி.மீ. வரை இருக்கும், உங்கள் மேனுவல் சொல்லும் எண்ணே முடிவு. பிளேட் தேயத் தேயக் கேபிளில் இந்த விளையாட்டு குறைந்துகொண்டே வரும். ஒன்றுமே இல்லாமல் போனால், நீங்கள் லீவரை விட்டாலும் கேபிள் கிளட்சை லேசாக இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். முதலில் லீவர் பக்கத்துத் திருகில் சரிசெய்யுங்கள். அங்கே இடமில்லையென்றால் அதை உள்ளே திருகிவிட்டு, கீழே இன்ஜின் பக்கத்து நட்டில் சரிசெய்யுங்கள். ஹேண்டிலை முழுசாக இரண்டு பக்கமும் திருப்பி, அப்போதும் விளையாட்டு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். விளையாட்டு சரியாக இருந்தும் வழுக்கினால் பிளேட்டையும் ஸ்பிரிங்கையும் அளக்க வேண்டியதுதான். சிக்னலில் லீவரைப் பாதி பிடித்தபடி நிற்கும் பழக்கம் டெலிவரிப் பிள்ளைகளுக்கு அதிகம். நியூட்ரலுக்குப் போங்கள்.

ஜூரோங்_அக்கா:

ஆறாம்_கியர் தம்பி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்றேன். என் வேலையே ஹைட்ராலிக்ஸ்தான். பைக் இல்ல, கப்பல் பட்டறை. தத்துவம் ஒண்ணுதான்.

நீங்க லீவரப் பிடிக்கும்போது மேல இருக்குற மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் திரவத்தத் தள்ளுது. கீழ ஸ்லேவ் சிலிண்டர் ஒரு தண்ட (புஷ் ராட்) தள்ளுது, அது ஸ்பிரிங்க எதிர்த்து பிரஷர் பிளேட்ட நகர்த்துது. லீவர விட்டதும் ஸ்பிரிங் எல்லாத்தையும் திருப்பித் தள்ளணும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

தெரியாத பகுதி இனிமேதான். மாஸ்டர் சிலிண்டர்ல, திரவக் கப்புக்கும் பிஸ்டன் அறைக்கும் நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கு. லீவர் முழுசா வெளிய இருக்கும்போது மட்டும் அது திறந்திருக்கும். இன்ஜின் சூட்டுல குழாய்க்குள்ள இருக்குற திரவம் விரிஞ்சா, கூடுற அளவு இந்த ஓட்டை வழியா கப்புக்குப் போயிடும். அந்த ஓட்டை அடைச்சிருந்தாலோ, பிஸ்டன் முழுசா பின்னால வராம ஓட்டைய மூடிட்டு நின்னாலோ, விரியுற திரவம் எங்க போகும்? கீழதான் போகும். அதாவது நீங்க லீவர விட்டிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் லீவர லேசா பிடிச்சிட்டே இருக்கார். ஸ்பிரிங்கோட பிடி குறையுது. முறுக்கினா வழுக்குது. வழுக்குறதுல வர்ற சூடு திரவத்த இன்னும் விரிக்குது. வண்டி ஆறினா திரவம் சுருங்கும், எல்லாம் சரியாயிடும்.

பிஸ்டன் ஏன் முழுசா வராதுன்னா, கடையில வாங்குற அலங்கார லீவர்தான் முதல் சந்தேகம். லீவருக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்குற சின்னத் தண்டும், அது உக்காருற பித்தளைப் புஷ்ஷும் ஒரு துளி நீளமா அமைஞ்சா போதும். ஸ்பேனர் அண்ணன் லீவர் நுனி ஆடுதான்னு கேட்டது அதுக்குத்தான்.

புசாவுல ஸ்லேவ் சிலிண்டர் எங்க இருக்குன்னும் யோசிங்க. இடது பக்கம், முன் ஸ்ப்ராக்கெட் மூடி பக்கத்துல. இன்ஜின் சூடும் செயின் அழுக்கும் சேர்ந்து அடிக்குற இடம். ஹைவேல காத்து படும். ஜாம்ல எந்தக் காத்து?

தெம்பனிஸ்_புசா:

அக்கா, ஸ்பேனர் அண்ணே, கேட்டதுக்கெல்லாம் பதில்.

விடியற்காலை எஸ்எல்இ, பிகேஇன்னு ஜாம் இல்லாம ஒரு சுத்து போனேன். டெம்பரேச்சர் முள்ளு வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் ஸ்லிப் இல்ல.

ஜாம்ல கிளட்ச் பிடிக்குற இடம் நகருது. வெளிப்பக்கமா! காலையில நடுவுல பிடிக்கும், கஸ்டம்ஸ் கிட்ட வரும்போது லீவர் கிட்டத்தட்ட முழுசா விட்டாதான் வண்டி நகரும். கை பழகிப்போனதால இது வரைக்கும் பெருசா தோணல.

லீவர் நுனி சுத்தமா ஆடல. விரல் வச்ச உடனே கல்லு.

கப்புல திரவம் மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. நிறம் தே ஓ (பால் ஊத்தாத டீ) மாதிரி இருக்கு.

பழைய_ஸ்பேனர்:

வெளிப்பக்கம் என்று சொன்னீர்கள் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. குழாயில் காற்று இருந்தாலோ திரவம் கொதித்தாலோ பிடிக்கும் இடம் கைப்பிடிப் பக்கமாக வரும்; கிளட்ச் சரியாக விடாது, கியர் மாறாது. வெளிப்பக்கம் போகிறதென்றால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

கப்பில் திரவம் ஏறியிருப்பதையும் கவனியுங்கள். பிரேக்கில் பேட் தேய்ந்தால் கப்பில் அளவு இறங்கும். கிளட்சில் நேர்மாறு. பிளேட் தேயும்போது தண்டு ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். திரவம் மேலே ஏறும். அதனால் கிளட்ச் கப்பைப் பார்த்து "மேல் கோடு வரை இருக்கிறது, நல்லது" என்று நினைப்பது தவறு. யாரோ பிரேக் கப்பைப் போல நினைத்து ஊற்றியும் வைத்திருக்கலாம்.

மூடியைத் திறந்து பார்க்கும் சோதனையை அக்கா சொல்லட்டும். டேங்க் மேலே ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள். டாட் 4 (பிரேக், கிளட்சுக்கு ஊற்றும் திரவம்) சிந்தினால் பெயின்ட் போய்விடும்.

ஜூரோங்_அக்கா:

கப்பு மட்டமா இருக்கட்டும், ஹேண்டில அதுக்கு ஏத்த மாதிரி திருப்பிக்கோங்க. மூடி, ரப்பர் டயஃப்ரம் ரெண்டையும் எடுத்துட்டு, கோட்டுக்கு மேல இருக்குறத உறிஞ்சி எடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. இப்ப லீவர மெதுவா, ஒரு நூல் அளவு மட்டும் பிடிங்க. கப்போட அடியில அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து திரவம் லேசா பொங்கணும், மேல ஒரு சுழி தெரியணும். பொங்கினா ஓட்டை திறந்திருக்கு. எத்தனை முறை பிடிச்சாலும் திரவம் அசையாம இருந்தா, ஓட்டை அடைச்சிருக்கு இல்லன்னா பிஸ்டன் அத மூடிட்டு நிக்குது.

இன்னொரு சோதனை, சந்தேகமே மிச்சம் இல்லாம பண்ணும். ஜாமுக்கு அப்புறம் வழுக்கும்போது ஓரமா நிறுத்தி, இன்ஜின அணைச்சு, கையுறை போட்டு, ஸ்லேவ் சிலிண்டர்ல இருக்குற ப்ளீட் நிப்பிள்ல (திரவத்தையும் காத்தையும் வெளிய விடுற திருகு) ஒரு குழாய் மாட்டி கால் திருப்பு திறங்க. லீவரத் தொடவே கூடாது. திரவம் சீறிட்டு வந்தா, உள்ள அழுத்தம் மாட்டியிருந்தது உறுதி. மூடிட்டு ஓட்டிப் பாருங்க, பிளேட் பிடிக்கும். ஆனா இத ஹைவே ஓரத்துல பண்ணாதீங்க, ஏதாவது பெட்ரோல் பங்க்ல பண்ணுங்க. சூடா இருக்கும், கவனம்.

ஆறாம்_கியர்:

சரி, புரியுது. ஆனா அழுத்தம் மாட்டியிருந்தா கிளட்ச் பிடிச்சா விடுறதுலயும் ஏதாவது கோளாறு தெரியணும் இல்ல?

ஜூரோங்_அக்கா:

தெரியாது தம்பி. தள்ளுறது நல்லாத்தான் நடக்குது. திரும்பி வர்றதுலதான் குறை. கியர் வெண்ணெயா மாறும், அதனாலதான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

தெம்பனிஸ்_புசா:

திறந்து பார்த்தாச்சு. பொங்கவே இல்ல. லீவர எவ்வளவு மெதுவா பிடிச்சாலும் திரவம் அசையல. அப்புறம் அந்தக் கலர் லீவரோட அச்சு போல்ட்ட கழட்டி, லீவர கையால ஒரு துளி வெளிய இழுத்துப் பிடிச்சிட்டு மறுபடி தள்ளிப் பார்த்தேன். சுழி வந்துச்சு!

ப்ளீட் நிப்பிள் சோதனையும் ஜேபில ஒரு பெட்ரோல் பங்க்ல பண்ணினேன். சீறிட்டுத்தான் வந்துச்சு. மூடிட்டு ஹைவேல ஏறினா நல்லா பிடிக்குது.

ஒரிஜினல் லீவர், புஷ், தண்டு மூணும் செகண்ட் ஹேண்ட்ல தேடி எடுத்துப் போட்டாச்சு. பழைய தண்டையும் ஒரிஜினலையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, பித்தளைப் புஷ்ஷோட குழி ஆழம் வித்தியாசமா இருக்கு. இப்ப லீவர் நுனி கொஞ்சம் ஆடுது. டாட் 4 முழுசா மாத்தி, காத்து எடுத்தாச்சு. உள்ள இருந்து வந்த திரவத்துல அழுக்கு மிதந்துச்சு.

பழைய_ஸ்பேனர்:

நல்லது. சுசுகி இந்தத் திரவத்தை 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது. நம் ஊர் ஈரக் காற்றில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். டாட் 4 தண்ணீரை உறிஞ்சும் ஜாதி. பிரேக்குக்கு மாற்றும்போது கிளட்சை எல்லாரும் மறப்பார்கள்.

இப்போது ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையை யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். சோதிக்கிறேன் என்று பிளேட்டை எரிப்பதுதான் அது.

எந்தக் கியராக இருந்தாலும் கிளட்ச் தாங்கும் டார்க் ஒன்றுதான். கியர் அதற்குப் பிறகுதான் வருகிறது. மேல் கியரில் ஸ்லிப் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம், அங்கே ஆர்பிஎம் இயல்பாக மெதுவாக ஏறும், சுமை நீண்ட நேரம் நிற்கும். அதனால் சிங்கப்பூரில் 90 கி.மீ. வேக வரம்பைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை. ஆறாவது கியரில் 60ல் போய்க்கொண்டே ஏற்றத்தில் முழுசாகத் திறங்கள். பெஞ்சமின் ஷியர்ஸ் பாலத்து ஏற்றம் போதும், காலி நேரமாகப் பார்த்து. புசாவுக்கு அந்த வேகத்திலேயே இழுவை நிறைய இருக்கிறது.

தெம்பனிஸ்_புசா:

பிடிக்குற இடம் இப்ப நகரவே இல்ல. ஜாம் முடிஞ்சு வந்தாலும் காலையில இருந்த அதே இடம். பெரிய நிம்மதி.

ஆனா முழுசா தீரல. ஜாமுக்கு அப்புறம் மொத்தமா முறுக்கினா, முன்னாடி மாதிரி எகிறல, ஆனா முள்ளு லேசா ஒரு துள்ளு துள்ளிட்டு அப்புறம் பிடிக்குது. காலையிலயும் பாலத்துல ஒரு தடவை பண்ணுச்சு. ரோடு ஈரமா இருந்துச்சு, டயர் வழுக்கினதோன்னு நினைச்சேன். காஞ்ச ரோட்டுலயும் பண்ணுது. செயின் தாவினா சத்தமும் உதையும் வரும்னு படிச்சேன், அது இல்ல.

பழைய_ஸ்பேனர்:

எதிர்பார்த்ததுதான். இத்தனை மாதமோ வருஷமோ யாருக்குத் தெரியும், அந்தப் பிளேட் பாதி அழுத்தத்தில் வழுக்கி வழுக்கிப் பளபளப்பாகியிருக்கும். இப்போது திறக்கலாம். முன்னாடி திறந்திருந்தால் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றியிருப்பீர்கள்.

எச்டிபி (அரசு அடுக்குமாடி) கார்பார்க்கில் வேண்டாம். பழுது பார்க்கும் இடம் அது இல்லை, பழைய எண்ணெய் கால்வாயில் போனால் குற்றம். தெரிந்தவர் கடை ஏதாவது இருந்தால் ஒரு மூலை கேளுங்கள்.

கிளட்ச் மூடி வலது பக்கம். வண்டியை இடது பக்கம் சாய்த்து நிறுத்தினால் எண்ணெயின் பெரும்பகுதி அந்தப் பக்கம் ஒதுங்கும். ஸ்பிரிங் போல்ட்களை ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு பிளேட்டும் வெளியே வரும்போது படம் எடுங்கள். எல்லா நார்ப் பிளேட்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் முதலும் கடைசியும் சற்று வேறாக இருக்கும். உள்ளே மெல்லிய வளைய ஸ்பிரிங் இருந்தால் அது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது முக்கியம். தலைகீழாகப் போட்டு, புதுப் பிளேட்டோடு வழுக்கிய வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

நார்ப் பிளேட்டை வெர்னியரால் நாலைந்து இடத்தில் அளந்து மேனுவலின் எல்லையோடு ஒப்பிடுங்கள். ஸ்டீல் பிளேட்டைத் தடித்த கண்ணாடி மேல் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கே நுழைகிறது என்று பாருங்கள். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளங்கள். பாஸ்கெட்டில் (பிளேட்கள் உட்காரும் கூடு) பள்ளம் விழுந்திருந்தால் அது கிளட்ச் விடுவதில் தகராறு செய்யும், வழுக்குவதற்கு அது காரணமாகாது. அதற்காக யாரும் புது பாஸ்கெட் விற்க வேண்டாம்.

தெம்பனிஸ்_புசா:

சுங்கை காடுட்ல நண்பரோட கடையில திறந்தோம்.

நார்ப் பிளேட் தடிமன் எல்லாமே எல்லைக்குள்ளதான் இருக்கு! தேயவே இல்ல. ஆனா மேல கண்ணாடி மாதிரி கறுப்பா மின்னுது, நகத்தால கீறினா பிடிப்பே இல்ல. ஸ்டீல் பிளேட்ல சிலது ஊதா, நீலம்னு திட்டுத் திட்டா. ரெண்டு பிளேட் வளைஞ்சிருக்கு, ஃபீலர் கேஜ் எல்லைய விட அதிகமா நுழையுது. ஸ்பிரிங் நீளம் சரி. மூக்க கிட்ட கொண்டு போனா கருகின வாடை.

நார், ஸ்டீல் ரெண்டு செட்டும் மாத்துறேன். ஸ்பிரிங் ஹெவி டியூட்டி போடலாமா, ஒரிஜினலே போதுமா?

ஆறாம்_கியர்:

கடைசியில பிளேட்தான் மாத்துறீங்க 😄 முதல் பதில்லயே நான் சொன்னது இதத்தானே!

ஜூரோங்_அக்கா:

சொன்னீங்க தம்பி. அந்த லீவரோட புதுப் பிளேட்ட போட்டிருந்தா, அதுவும் இதே நிறத்துல வெளிய வந்திருக்கும், ஒர்க்‌ஷாப்ல "ஸ்பிரிங் இன்னும் ஸ்ட்ராங்கா போடணும்"னு சொல்லியிருப்பாங்க. நீங்க தேஞ்சிருச்சுன்னு சொன்னது. இது தேயல, எரிஞ்சிருக்கு.

பழைய_ஸ்பேனர்:

ஸ்பிரிங் ஒரிஜினலே. சாதாரணமாக ஓட்டும் புசாவை ஒரிஜினல் ஸ்பிரிங் தாராளமாகத் தாங்கும். டர்போ போட்டவர், டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப்போட்டி) ஓட்டுபவர், செபாங் பந்தயத் தடத்தில் நாள் முழுக்க வாட்டுபவர், இவர்களுக்கு வேறு கணக்கு. கனமான ஸ்பிரிங் போட்டால் லீவர் கனக்கும். உட்லண்ட்ஸ் ஜாமில் உங்கள் இடது கை அதற்கு விலை கொடுக்கும். தள்ளும் தண்டுக்கும் பேரிங்குக்கும் சுமை கூடும். அதைவிட முக்கியம், இந்த மாதிரிக் கோளாறை அது கொஞ்ச நாள் மூடி மறைத்துவிடும்.

எண்ணெய்_பித்தன்:

நாரையும் ஸ்டீலையும் சேர்த்தே மாற்றுவது நல்ல முடிவு. நீலமான ஸ்டீலை எமரி தாளில் தேய்த்துப் போட்டால் போதும் என்பார்கள். தேய்த்தால் பளபளப்பு போகும், வளைவு போகாது. புது நார்ப் பிளேட்களை மாட்டுவதற்கு முன் இன்ஜினில் ஊற்றப் போகும் அதே எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊற வைத்துவிடுங்கள். காய்ந்தபடி மாட்டினால் முதல் கிளம்பலிலேயே சூடு பிடித்துவிடும். மூடி கேஸ்கெட்டும் புதிது. பழைய எண்ணெயில் கருகிய நார்த் தூள் சுற்றிக்கொண்டிருக்கும், ஃபில்டரோடு மாற்றுங்கள். எம்ஏ2வை மாற்ற வேண்டாம், அது ஒரு தப்பும் செய்யவில்லை.

2பி_ராத்திரி:

என் அப்டேட்: கேபிள்ல விளையாட்டே இல்ல, ஸ்பேனர் அண்ணே சொன்ன மாதிரி கீழ நட்டுல சரிபண்ணினேன். ஸ்லிப் நின்னுடுச்சு. நன்றி அண்ணே.

தெம்பனிஸ்_புசா:

பிளேட் மாட்டியாச்சு. ஒரிஜினல் ஸ்பிரிங், புது கேஸ்கெட், எண்ணெய், ஃபில்டர். போல்ட்களை டார்க் ரெஞ்ச்லதான் இறுக்கினோம், நண்பர் கையாலயே இறுக்கலாம்னார், நான் விடல. ஜாம்ல ஊர்ந்து வெளிய வந்து முறுக்கினேன், முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறுது.

கலர் லீவர் வேணும்னு ஒருத்தர் மெசேஜ்ல கேட்டார். அதே மாடல் புசாவாம். விலை கேட்டதுக்கு நான் இந்த இழையோட லிங்க்க அனுப்பினேன், அப்புறம் பதில் இல்ல.

கப்புல திரவம் இப்ப எங்க நிக்கணும், ஸ்பேனர் அண்ணே? மேல் கோடா, நடுவா?

பழைய_ஸ்பேனர்:

புதுப் பிளேட் என்பதால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் விடுங்கள். பிளேட் தேயும்போது மேலே ஏற இடம் வேண்டும். ஏறுவதைப் பார்த்தே தேய்மானம் தெரிந்துகொள்ளலாம், அதனால் இன்றைய அளவைப் படம் எடுத்து வையுங்கள். முதல் சில நூறு கி.மீ. முரட்டுக் கிளம்பல் வேண்டாம். லீவர் நுனி ஆடுகிறதா என்று மாதம் ஒரு முறை தொட்டுப் பாருங்கள், அச்சு போல்ட்டில் கிரீஸ் வையுங்கள். புஷ்ஷுக்கும் ஒரு துளி.